தொட்டுக் காட்டு, கோகிலா

தொடுங்க மேடம். பயப்படாம கேட்டைத் தொடுங்க, ஒண்ணும் பண்ணாது.

என்ன அப்படிப் பார்க்கறீங்க? வெளியில சிவப்பு மையில 'தொடாதே, உயிருக்கு ஆபத்து'ன்னு போர்டு தொங்குது, உள்ளயிருந்து ஒருத்தி தொடுங்கங்கறாளேன்னுதானே? போர்டு எழுதினது எங்க மாமனார். தொடுங்கன்னு சொல்றது நான். சரி சரி, நீங்க தொட வேண்டாம், நானே திறந்து விடறேன். பாருங்க, என் கால்ல செருப்புக்கூட இல்லை. வாங்க, வேப்பமரத்தடியில கட்டில் கிடக்குது, உக்காருங்க. அந்த மீட்டர் பொட்டியை மடியிலயே வச்சிருக்க வேண்டாம், கீழ வைங்க. நாங்க யாரும் தூக்கிட்டுப் போக மாட்டோம்.

மாமா உங்களுக்குக் கலர் சோடா வாங்க நால்ரோட்டுக்கு வண்டியில போயிருக்கார். மோரே இருக்குதுங்க மாமான்னு சொன்னேன். "கோர்ட்டுல இருந்து வர்ற கமிஷனருக்கு மோரா குடுக்கறது, போ அம்மிணி"ன்னுட்டார். போக வர இருபது நிமிஷம் ஆகும். லைன் கம்பெனி ஆளுங்க பதினோரு மணிக்கு வருவாங்கன்னு நீங்களே சொல்றீங்க. அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். கேட்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் சொல்லணும். நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லுவார். அவரு சனிக்கிழமை ராத்திரி திருப்பூர்ல இருந்து வந்துட்டு திங்கக்கிழமை காலையில போயிடறவரு, பேசறதுக்கு ஆள் ஏதுங்க எனக்கு? அதனால நீங்க மாட்டுனீங்க.

மேல பாருங்க. தெரியுதுங்களா, ஜோடி ஜோடியாப் போகுதே, அதுதான் அந்த லைன். டவர் எங்க நிலத்துல இல்லை, அந்தப் பக்கத்து வயக்காட்டுல ஒண்ணு, குட்டைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு. கம்பி மட்டும் எங்க வேலிக்கு நேர் மேல, வேலியோட கூடவே, ரெண்டு தண்டவாளம் மாதிரி போகுது. ரெண்டு வருஷம் முன்னாடி இழுத்தாங்க. டவருக்குத் தோண்டின குழிக்குள்ள மாமா படுத்து மறிச்சார். ரெண்டு போலீஸ்காரங்க தூக்கிட்டுப் போய் வேன்ல உக்கார வச்சாங்க. போட்டோ பேப்பர்ல வந்துச்சு, எட்டா மடிச்சு பீரோவுல வச்சிருக்கார்.

லைன் ஓட ஆரம்பிச்ச அன்னைக்குத்தான் வேலிக்கு உசிர் வந்துச்சு மேடம். மேல இருக்கிற கம்பிக்கும் கீழ இருக்கிற வேலிக்கும் நடுவுல நாலு ஆள் உயரம் வெறும் காத்து. ஒண்ணோடொண்ணு தொடலை. ஆனா கேட்டைத் தொட்டா சுருக்குன்னு ஊசி குத்தினாப்ல அடிக்கும். தண்ணிக் காலோட தொட்டா தோள்பட்டை வரைக்கும் வெட்டி இழுக்கும். பேய் புடிச்சிருச்சுன்னு பக்கத்துக் காட்டு ராமாத்தாக்கா எலுமிச்சம்பழம் கொண்டாந்து கட்டிவிட்டுப் போச்சு.

எனக்கு விவரம் சொன்னது லைன் கம்பெனி பிரான்சிஸ் அண்ணன். லைன் பார்க்கறதுக்கு மாசம் ஒருக்கா சைக்கிளைத் தள்ளிட்டே வருவாரு. கேரியர்ல ஒரு தூக்குப்போசிச் சோறு, கழுத்துல பைனாகுலர். மாமா இல்லாத நேரமாப் பார்த்து மோர் கேட்பாரு. "ஏண்ணா, தொடாமலே எப்படிண்ணா அடிக்குது?"ன்னு கேட்டேன். "அம்மிணி, இந்தக் கரண்டு ஆத்துத் தண்ணி மாதிரி ஒரே பக்கமா ஓடறதில்லை. போகும், திரும்பும். போகும், திரும்பும். ஒரு நொடிக்கு அம்பது தடவை. அப்படியே ஒரே பக்கமா ஓடினா உன் வேலி இவ்வளவு துள்ளாது. இது ஓயாம மாறிக்கிட்டே இருக்கிறதாலதான் பக்கத்துல சும்மா கிடக்கிற கம்பியையும் சேர்த்து ஆட்டி வைக்குது"ன்னார். "போயிட்டுப் போயிட்டு வந்தா எங்க போய்ச் சேரும்? எங்க வீட்டுக்காரரும் இந்த ஜாதிதான் போலிருக்குது"ன்னேன். அண்ணனுக்கு மோர் புரையேறிருச்சு.

இன்னொண்ணும் சொன்னார், எனக்கு ரொம்பப் பிடிச்சது. அந்தக் கம்பியை அறுத்துப் பார்த்தா நடுவுல எஃகு இருக்குமாம், சுத்தியும் அலுமினியம். கரண்டு இப்படி மாறி மாறி ஓடறதால நடுவுக்குப் போகாதாம், ஓரத்துக்கு ஒதுங்கி மேல்தோல்லயே ஓடிக்குமாம். "அப்ப நடுவுல இருக்கிற எஃகு எதுக்குண்ணா?" "அது தாங்கறதுக்கு. டவருக்கு டவர் அத்தனை கனத்தையும் இழுத்துப் பிடிச்சுட்டு நிக்கறது அதுதான்." "கனத்தை மட்டும் தாங்கிட்டு, கரண்டு மட்டும் அதுக்குக் கிடையாதா? பாவம்ணா"ன்னேன். "இதுல பாவமென்ன, அது இல்லைன்னா மொத்தமும் மண்ணுல கிடக்கும்"னார். அடுப்படியில நின்னு அதையே நினைச்சுட்டு இருந்தேன், பருப்பு அடிப்பிடிச்சுப் போச்சு.

எங்கயோ போயிட்டேன். வேலி.

நிறுத்தறதுக்கு வழியும் அவரே சொன்னார். அஞ்சடிக் குழி, அதுல இரும்புப் பைப்பு, சுத்தியும் உப்பும் அடுப்புக்கரியும் போட்டு மூடி, பைப்புல இருந்து வேலிக்கு ஒரு கம்பி முறுக்கிவிட்டா வேலியில ஏறுறது எல்லாம் அப்பப்ப மண்ணுக்குப் போயிரும். எர்த்து. ஒரு நாள் வேலை. நான் சந்தோஷமா ஓடிவந்து மாமாகிட்ட சொன்னேன். அவரு என்னைப் பார்த்த பார்வை இருக்குதே! "அறிவிருக்குதா? அடிக்குதுங்கறதுதானே நம்ம கேஸே. அதைப் போய் நிறுத்தச் சொல்றயே. அடிக்குதுன்னு கோர்ட்டு பார்த்தாத்தான் லைனைக் குட்டைக்கு அந்தப் பக்கம் புறம்போக்குல தள்ளிப் போடச் சொல்லும். அதுவரைக்கும் அடிக்கட்டும்."

அடிச்சுது. உங்களுக்கு முன்னாடி ஒரு கமிஷனர் வந்தாரு, வயசானவர். அன்னைக்குன்னு பார்த்து நல்ல மழை. மழை வந்தா மேல கம்பி கொர்ர்ர்னு பேசும், கீழ வேலி தூங்கிரும். ஊணியிருக்கிற கல்லுக்காலெல்லாம் நனைஞ்சு, கரண்டு கல்லு வழியா மண்ணுக்கு இறங்கிரும். அவரு கேட்டைத் தொட்டார், ஜன்னலைத் தொடறாப்ல. ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டார். மாமா ரெண்டு நாள் சாப்பிடலை. மூணாம் நாள் டவுனுக்குப் போய் ரப்பர் ஹோஸ் வாங்கியாந்து, துண்டு துண்டா வெட்டி, கையில ரப்பர் உறை மாட்டிட்டு, ஒவ்வொரு கல்லுலயும் கம்பி படற இடத்துல செருகினார். கல்லுக்கு அடியில தார் பூசினார். வேலியில நான் கோவைக்கொடியும் அவரைக்கொடியும் ஏத்திவிட்டிருந்தேன், தினமும் ஒரு கூடை காய் வரும். பச்சைக்கொடி வழியா கரண்டு மண்ணுக்குப் போயிருதுன்னு எவனோ சொல்லி, ஒரே காலையில அத்தனையையும் அரிவாளால சீவித் தள்ளிட்டார். மாட்டைப் பராமரிக்கிறாப்ல கரண்டைப் பராமரிச்சவர் எங்க மாமா ஒருத்தருதான் இருக்கும்.

அவரைத் தப்பா நினைக்காதீங்க. என்னை அவரு ஒரு சுடுசொல் சொன்னதில்லை. மாமியார் போனதுக்கப்புறம் சோறு எப்படி இருந்தாலும் வாயைத் திறக்காம சாப்பிட்டு எழுந்திரிப்பார்.

யாராவது வந்தா மட்டும் கூப்பிடுவார். "கோகிலா, தொட்டுக் காட்டு." பேப்பர்காரங்க வந்தாங்க, கட்சிக்காரங்க வந்தாங்க, பக்கத்து ஊர்ல லைன் வரப்போகுதுன்னு அங்கயிருந்து வேன் வச்சு வந்தாங்க. சொந்தக்காரங்க வந்தா கேட்கவே வேண்டாம். நான் செருப்பைக் கழட்டிட்டு வருவேன். மாமா ஒரு செம்புத் தண்ணியை கேட்டுக்கு முன்னாடி ஊத்துவார், ஈரத்துல நின்னாத்தான் நல்லாத் தெரியும். நான் கையை வைப்பேன். அய்யோன்னு கத்தி நாலடி துள்ளுவேன். எல்லாரும் ச்சு ச்சும்பாங்க, சில பேர் சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன். "பொண்ணு தைரியசாலிங்க"ம்பாங்க. பள்ளிக்கூடத்துல ஆண்டு விழாவுல ஒருக்கா நடிச்சிருக்கேன், அதுக்கப்புறம் எனக்குக் கைதட்டினது இந்த வேலியிலதான்.

வலி என்னங்க வலி, பழகிப் போச்சு. வலது கை ரெண்டு விரல் மரத்தாப்ல இருக்கும், பாத்திரம் கழுவினா சரியாயிரும்.

வீட்டை விட்டு எங்கயும் போக முடியாது, அது ஒண்ணுதான். கமிஷனர் எந்த நேரத்துலயும் வரலாம், தொட்டுக் காட்ட ஆள் இருக்கணும்னு மாமா சொல்லிட்டார். என் தங்கச்சி கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்குப் போயிட்டு இலை போடறதுக்குள்ள திரும்பிட்டேன். நால்ரோட்டுத் தையல் கம்பெனியில கூப்பிட்டாங்க, போகலை. தன்ஷிகாவுக்கு நாலு வயசு, பால்வாடி கண்ணுக்குத் தெரியற தூரத்துல இருக்குது, அனுப்பலை. கேட்டைத் தாண்டித்தானே போகணும்? வீட்லயே நான் ஆனா ஆவன்னா சொல்லித் தர்றேன். அதுக்கென்ன, வெயில்ல அலையறதுக்கு நிழல்ல இருக்கலாம்னு நினைச்சுக்குவேன்.

அதோ, அவதான் தன்ஷிகா. ஏ தன்ஷி, மேடத்துக்கு வணக்கம் சொல்லு. பாருங்க, சிரிச்சா முன்பல் பாதி இருக்காது. பால்பல்லு விழுந்ததுன்னு நினைச்சீங்களா? விழலை. மூணு மாசம் முன்னாடி, குழாயடியில குளிச்சுட்டு இருந்தவ, ரோட்டுல ஐஸ்காரன் மணி கேட்டு அப்படியே ஓடிட்டா. உடம்பெல்லாம் ஈரம். ரெண்டு கையாலயும் கேட்டைப் பிடிச்சா. நான் வர்றதுக்குள்ள பின்னால தெறிச்சு, அந்தத் துவைக்கிற கல்லுல வாய் இடிச்சு, மூச்சைப் பிடிச்சுட்டு கண்ணைத் திறந்துட்டே கிடக்கறா. அழுகவே இல்லை மேடம். அழுதிருந்தா எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

மாமாவும் ஓடிவந்தார். ரத்தத்தைத் துடைச்சார். அப்புறம் என்ன சொன்னார்னா, "இதைப் போட்டோ எடுத்து வைக்கணும்"னார். கேஸுக்கு.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். மாமா மத்தியானம் நால்ரோட்டு டீக்கடைக்குப் போனா வர ஒரு மணி நேரம் ஆகும். நாலு நாள், தினம் ஒரு மணி நேரம், அந்த முருங்கைமரத்துக்குப் பின்னால கடப்பாரை போட்டேன். பழைய போர் பைப்பு ஒண்ணு கிடந்துச்சு. உப்பு, கரி, எல்லாம் அண்ணன் சொன்ன கணக்குத்தான். வேலிக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரே ஒரு கம்பி, முறுக்கி முடிச்சுப் போட்டு, மேல சிமெண்டுச் சாக்கைப் போட்டு மூடிட்டேன். பாத்திரம் கழுவின தண்ணியெல்லாம் அங்கதான் ஊத்தறேன், மண்ணு ஈரமா இருக்கணும். முருங்கை என்னமா காய்க்குது பாருங்க.

அஞ்சாம் நாள் போய் கேட்டைத் தொட்டேன். வெறும் இரும்பு. வெயில்ல காஞ்ச இரும்பு, அவ்வளவுதான். அதைப் பிடிச்சுட்டு எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியலை.

மாமாவுக்குத் தெரியாது. அவரு ஒரு நாளும் கேட்டைத் தொட்டதில்லையே! குச்சியால தள்ளித்தான் வெளியில போவார், இப்பவும் குச்சிதான். யாராவது வந்தா கூப்பிடுவார். நான் செருப்பைக் கழட்டுவேன், தண்ணியில நிப்பேன், கையை வைப்பேன், அய்யோன்னு கத்துவேன். நிஜமா அடிச்சப்பவிட இப்பத்தான் நல்லாக் கத்தறேன்னு நினைக்கிறேன். போன மாசம் வந்த ஒரு அம்மா அழுதே போச்சு.

இப்ப கேட்கறேன் மேடம். நீங்க மீட்டரை வச்சா முள்ளு ஆடாது. மனுஷங்க முன்னாடி கத்தலாம், மீட்டர் முன்னாடி எப்படிக் கத்தறது? ஒண்ணுமில்லைன்னு நீங்க எழுதினா கேஸ் போச்சு, ரெண்டு வருஷமா அவரு அதுக்காகத்தான் எழுந்திரிக்கறார், அதுக்காகத்தான் படுக்கறார். லைனும் எங்க தலைமேலயே இருக்கும். சரி, இப்ப ஓடிப்போய் அந்த முடிச்சை அவுத்துவிட்டா வேலி முழிச்சுக்கும், அதுவும் பொய்யில்லை, நான் கட்டாம விட்டிருந்தா இப்படித்தானே இருந்திருக்கும்? ஆனா எங்க வக்கீல் சொன்னார், கமிஷனர் எதைப் பார்த்து எழுதறாங்களோ, தீர்ப்பு வர்ற வரைக்கும் அதுல ஒரு கம்பியை மாத்தக் கூடாதுன்னு. தீர்ப்பு எப்ப வரும்னு கேட்டேன். சிரிச்சார். அத்தனை நாளும் தன்ஷி இந்த வேலிக்குள்ள இருக்கணும்.

அவுக்கட்டுமா, கட்டியே இருக்கட்டுமா?

நீங்க சொல்லக் கூடாதுங்களா? பார்க்கறதை மட்டும்தான் எழுதுவீங்களா. அதுவும் சரிதான். உங்க வேலை அது. எனக்கு யாராவது சொன்னாத் தேவலைன்னு இருந்துச்சு, அதான். எங்க வீட்டுக்காரரைக் கேட்டா "அப்பா சொல்றபடி செய்"ம்பார்.

வண்டிச் சத்தம் கேட்குதுங்களா? அவருதான். பேச்சுல நேரம் போயிருச்சு.

வாங்க மாமா. கலர் இங்க வைங்க. ஆமாங்க, மேடம் இப்பத்தான் வந்தாங்க. கம்பெனி ஆளுங்க இன்னும் வரலை.

"அவங்க வர்றப்ப வரட்டும். அம்மணி, நீங்க முதல்ல உங்க கண்ணால பாருங்க. ஒருத்தரும் சொல்லித்தர வேண்டாம். கோகிலா, வா கண்ணு. செம்புல தண்ணி கொண்டா. மேடத்துக்குத் தொட்டுக் காட்டு."

தண்ணி இந்தாங்க மாமா. ஊத்துங்க.

மேடம், மீட்டரை எடுத்துட்டீங்களா. வச்சுப் பார்க்கறீங்களா. பாருங்க.

மாமா, இன்னைக்கு நீங்க தொடுங்க.

"என்ன சாமி?"

நீங்க தொட்டுக் காட்டுங்க. ரெண்டு வருஷமா நான்தானே தொட்டுட்டு இருக்கேன். மேடம் நல்லாப் பார்க்கட்டும். நிலம் உங்க பேர்ல இருக்குது, கேஸ் உங்க பேர்ல இருக்குது. கழட்டுங்க செருப்பை.

"அதுக்கென்ன, தொடறேன். தொடறதுக்கென்ன... நான் என்ன பயந்தவனா? குழியில படுத்தவன்... அய்யோ! அய்யோ அம்மா!"

மாமா! மாமா, ஒண்ணுமில்லை, என்னைப் பிடிச்சுக்கங்க. உக்காருங்க. தன்ஷி, தாத்தாவுக்குத் தண்ணி கொண்டா, ஓடு.

மேடம், மீட்டர்ல என்ன காட்டுது? ஒண்ணுமில்லைங்களா. எனக்குத் தெரியும். ஆனா அவரு கையைப் பாருங்களேன், எப்படி ஆடுது. நடிக்கலை மேடம். அவருக்கு நடிக்கத் தெரியாது. நான் கத்தினதையே கேட்டுக் கேட்டு... அப்படியே என் சத்தம், கவனிச்சீங்களா?

"ஏஞ்சாமி, இதையா உன்னைத் தொடச் சொன்னேன்? இத்தனை நாளா இதையா?"

அழுகாதீங்க மாமா. நாலு பேர் வந்தாங்க, காட்டினோம். அழுகாதீங்க. எனக்கும் வந்துரும்.

"அம்மணி, எழுதுங்க. இப்ப பார்த்தீங்கல்ல, அப்படியே எழுதுங்க. தீர்ப்பு வர்ற வரைக்கும் இந்த வேலியில ஒரு கம்பியை அசைக்க விடமாட்டேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி. எம் மருமக தாங்கிக்குவா. அவளை மாதிரி தாங்கறதுக்கு இந்த ஊர்ல ஆளில்லை."

மாமா. இங்க பாருங்க. இது அடிக்கலை. எர்த்து போட்டு மூணு மாசமாச்சு. தன்ஷி விழுந்தாளே, அதுக்கு அடுத்த வாரம். நான்தான் போட்டேன்.

"அடிக்கலையா? எனக்கு அடிச்சுதே! தோள்பட்டை வரைக்கும் இழுத்துச்சே!"

அடிக்கலைங்க மாமா. முருங்கைமரத்துக்குப் பின்னால சாக்கு கிடக்குதே, அதுக்கடியில பாருங்க. ஒரே முடிச்சுதான்.

போறாரு பாருங்க மேடம். சாக்கைத் தூக்கறாரு. பார்த்துட்டாரு. உக்காந்துட்டாரு. ரெண்டு வருஷம் உசிரோட வச்சிருந்ததை நான் கொன்னுட்டேன், அவருக்கு அப்படித்தானே இருக்கும்?

"கோகிலா! இதை அவுத்துருவேன்! கமிஷனர் எழுதறதுக்குள்ள அவுத்துருவேன், கேட்டுக்கோ!"

தன்ஷி, நீ மேடத்துக்கிட்ட போய் நில்லு. மேடம், அவளைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க, விட்டா ஓடிவந்துருவா. பேனாவை அப்புறம் எடுத்துக்கலாம், ரெண்டு கையாலயும் பிடிங்க.

அவுங்க மாமா. நான் ஒண்ணும் சொல்லலை. இதோ, நீங்க ஊத்தின தண்ணியிலதான் நிக்கறேன், வெறுங்காலோட. ரெண்டு கையாலயும் கேட்டைப் பிடிச்சிருக்கேன். நீங்க முடிச்சை அவுத்தா எனக்கு அடிக்கும், நான் நடிக்க வேண்டியதில்லை. மேடம் பார்த்து எழுதிக்குவாங்க. கேஸ் ஜெயிச்சுரும்.

"கையை எடு கோகிலா."

எடுக்க மாட்டேன் மாமா.

"சொல்றேன்ல, கையை எடு!"

மேடம், மீட்டர் அப்புறம். முடிச்சுல இருக்கிற அவரு கையைப் பாருங்க.